வில்லும் அகப்பையும்: ஜென் கற்பித்தல் குறித்த இரு நூல்கள் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜென் ஆசிரியர் சொல்லின்றியே கற்பிக்கிறார் என்றும், உயர்ந்த படைப்பு செய்பவரின் முயற்சியைக் கடந்து தானே நிகழ்கிறது என்றும் ஒரு கருத்து பரவலாக நிலவுகிறது. இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்ற நூல்களுள் முதன்மையானது, ஓய்கன் ஹெரிகல் 1948இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘வில்வித்தைக் கலையில் ஜென்’. ஜப்பானியச் சோட்டோ ஜென் மரபின் முதல்வரான தோகென் 1237இல் இயற்றிய ‘தென்ஸோ கியோகுன்’ மடத்துச் சமையற்காரருக்கான அறிவுரை நூலாகும். இக்கட்டுரை இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்கிறது. முன்னதில் காணப்படும் மௌனத்தின் ஒரு பகுதி மொழிபெயர்ப்பில் விழுந்த இடைவெளி என்பதும், பின்னதில் கற்பித்தல் தெளிந்த சொல்லாலும் நாள்தோறும் செய்யும் கைவேலையாலும் நடைபெறுகிறது என்பதும் இங்குக் காட்டப்பெறுகின்றன. இவ்வேறுபாடு கற்பித்தலையும் படைப்பு வாழ்வையும் நாம் புரிந்துகொள்ளும் முறையை எவ்வாறு மாற்றுகிறது என்பதே கட்டுரையின் மையம்.

குறிச்சொற்கள்: ஜென், தியானம், தோகென், ஹெரிகல், கற்பித்தல், மொழிபெயர்ப்பு, படைப்புச் செயல்பாடு.

முன்னுரை

‘தியானம்’ என்னும் வடசொல் சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆயிற்று. தமிழ்ச் சூழலில் ஜென் குறித்த பேச்சு பெரும்பாலும் போதிதருமரின் பிறப்பிடம் பற்றிய விவாதத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அவரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளே ஒன்றுபடவில்லை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாங் சுவான்ஷி அவரைப் பாரசீகர் என்கிறார்; தான்லின் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வருவதன்று. ஜென் எங்கிருந்து சென்றது என்பதைவிட, அம்மரபில் ஒருவர் மற்றொருவருக்கு எதை, எவ்வாறு கற்பித்தார் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வத்தால் எழுந்ததன்று. ஆசிரியர் விளக்கம் தராமல் இருப்பதையும், மாணவர் காரணம் கேளாமல் பணிவதையும் ‘ஜென் முறை’ என்று போற்றும் வழக்கம் உள்ளது. குறைவாக எழுதப்பட்ட எதையும் ஜென் தன்மை உடையது எனப் பாராட்டும் திறனாய்வும் உள்ளது. இவை ஜென் மரபிலிருந்து பெறப்பட்டனவா, அன்றி அம்மரபைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சில நூல்களிலிருந்து பெறப்பட்டனவா என்பதை வேறுபடுத்திக் காண்பது ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இன்றியமையாதது.

ஹெரிகலின் நூலும் அதன் செல்வாக்கும்

ஓய்கன் ஹெரிகல் (1884–1955) புதுக் காண்டியப் பள்ளியில் பயின்ற மெய்யியலாளர். 1924 முதல் 1929 வரை ஜப்பானின் செந்தாய் நகரிலுள்ள தொஹொகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தார். ஜெர்மானிய இடைக்கால மறைஞானி எக்ஹார்ட்டின்பால் இளமை முதலே ஈடுபாடு கொண்டிருந்த அவர், ஜென் மரபை நேரில் அறியும் விருப்பத்தோடு ஜப்பான் சென்றார். ஏதேனும் ஒரு கலையின் வழியாகவே அதனை அணுகுவது நல்லது என்று அறிவுறுத்தப்பட்டு, அவா கென்ஸோ (1880–1939) என்னும் வில்லாசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1936இல் பெர்லினில் இதைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரையை விரித்து 1948இல் நூலாக்கினார். 1953இல் டி. டி. சுசுகியின் முன்னுரையோடு ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின் அந்நூல் உலகப் புகழ் பெற்றது.

நூலின் கதையோட்டம் எளியது. மாணவர் வில்லை நாணேற்றி இழுக்கத் திணறுகிறார். மூச்சுப் பயிற்சி தரப்பட்டபின் இழுக்கிறார். அடுத்து அம்பை விடுவதில் தடை ஏற்படுகிறது. விடவேண்டும் என்று எண்ணி விடும்போதெல்லாம் கை குலுங்குகிறது. நீண்ட காலத்திற்குப்பின் ஒருநாள் ஓர் அம்பு பிசிறின்றிச் செல்கிறது. உடனே ஆசிரியர் தலைவணங்கி, எய்தவர் மாணவர் அல்லர், ‘அது’ என்று குறிக்கத்தக்க ஒன்றே எய்தது என்னும் பொருள்படக் கூறுகிறார். நூலின் உச்சமான மற்றொரு நிகழ்ச்சியில், ஆசிரியர் இரவில் இலக்கின் முன்னே ஒரு மெல்லிய ஊதுவத்தியை மட்டும் ஏற்றிவைத்து இரண்டு அம்புகளை எய்கிறார். முதல் அம்பு இலக்கின் நடுவில் தைக்கிறது. இரண்டாவது, முதல் அம்பின் அடித்தண்டைப் பிளந்து நிற்கிறது.

இந்நூலின் செல்வாக்கு பரந்தது. ராபர்ட் பர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்னும் நூலின் தலைப்பே ஹெரிகலின் தலைப்பை அடியொற்றியது. அதன்பின் எத்தனையோ கைத்தொழில்களின் பெயரோடு ஜென் என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. பர்சிக் தம் நூலை மரபான ஜென் பயிற்சியோடு தொடர்புபடுத்த வேண்டா என்று முன்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அவ்வெச்சரிக்கையைவிடத் தலைப்பே நெடுந்தொலைவு சென்றது.

மொழிபெயர்ப்பாளரின் மௌனம்

ஹெரிகலின் நூலை மூலச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர் யமதா ஷோஜி. 2001இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரையும் 2009இல் வெளிவந்த நூலும் மூன்று செய்திகளை முன்வைக்கின்றன.

முதலாவது, அவா கென்ஸோ ஜென் மடத்தில் பயின்றவர் அல்லர். ஜென் ஆசிரியரிடம் முறையான பயிற்சி பெற்றவரும் அல்லர். வில்வித்தையை ஆன்மிக நெறியாக உயர்த்தித் தமக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவியவர் அவர். ஜென் சொற்கள் அவருடைய பேச்சில் கலந்திருந்தன. ஆயினும் அவர் கற்பித்தது அவருடைய சொந்த நெறி.

இரண்டாவது, ஹெரிகலுக்கு ஜப்பானிய மொழி போதிய அளவில் தெரியாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே மொழிபெயர்த்தவர் கொமாச்சியா சோசோ என்னும் சட்டப் பேராசிரியர். அவா முன்னர்ச் சொன்னதற்கு முரணாகப் பேசிய வேளைகளில் தாம் மொழிபெயர்க்காமல் இருந்துவிட்டதைக் கொமாச்சியாவே பின்னாளில் எழுதியுள்ளார். இருளில் எய்த இரவிலோ அவர் உடன் இல்லை. ஆசிரியரும் மாணவரும் மட்டுமே இருந்தனர். இரண்டாம் அம்பு முதல் அம்பைப் பிளந்தது தற்செயல் என்று அவா பின்னர்த் தமக்கு நெருக்கமானோரிடம் கூறியதையும் யமதா எடுத்துக்காட்டுகிறார்.

மூன்றாவது, ‘அது எய்தது’ என்னும் கோட்பாடு அவாவின் பிற மாணவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளில் காணப்படவில்லை. நன்றாக எய்த மாணவரைப் பார்த்து ஆசிரியர் ‘ஸோரே தெஷிதா’ என்று சொல்லியிருக்கலாம் என்பது யமதா ஏற்கும் விளக்கம். அதன் பொருள் ‘அதுதான்’ என்பது மட்டுமே. தமிழில் இவ்வேறுபாட்டை உணர்வது எளிது. பாடம் கேட்கும் பிள்ளை சரியாகச் சொன்னவுடன் ஆசிரியர் ‘அதுதான்!’ என்று ஒப்புதல் தருவதுண்டு. அச்சொல்லின் ஏகாரத் தேற்றம் போன்ற ‘தான்’ என்னும் இடைச்சொல் உதிர்ந்து, ‘அது’ என்னும் சுட்டுப்பெயர் வினைக்கு எழுவாயாக மாறினால் என்ன நேரும்? ஒப்புதல் ஒரு மெய்யியல் ஆகிவிடும். யமதாவின் விளக்கம் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. சொல்லப்பட்ட கணத்தைப் பதிவுசெய்த கருவி எதுவும் இல்லை. ஆயினும் ஒரு பாராட்டுச் சொல்லே உலகறிந்த கோட்பாடாக விரிந்திருக்கக்கூடும் என்னும் அளவிற்கு அது ஏற்புடையது.

இச்செய்திகளைக் கொண்டு ஹெரிகலின் நூலை முற்றிலும் தள்ளிவிடுவது திறனாய்வாகாது. நூலுக்குள்ளேயே வேறொரு கதை உள்ளது. மூச்சுப் பயிற்சியை ஆசிரியர் ஏன் தொடக்கத்திலேயே சொல்லித்தரவில்லை என்று ஹெரிகல் கேட்கிறார். சொந்த முயற்சியில் தோற்றுக் களைத்தவருக்கே உதவியின் அருமை விளங்கும் என்பதை அவருக்கு எடுத்துரைப்பவர் கொமாச்சியா. விடுமுறைக் காலத்தில் ஹெரிகல் விரலைத் தளர்த்தும் ஓர் உத்தியைத் தாமே கண்டுபிடித்து வந்து எய்துகாட்ட, ஆசிரியர் வில்லை வாங்கி வைத்துவிட்டு முகம் திருப்பிக்கொள்கிறார். அப்போதும் இடைநின்று பேசி, இனி அவ்வாறு செய்வதில்லை என்னும் உறுதிமொழியின்பேரில் பயிற்சியை மீட்டுத் தருபவர் அவரே. சொல்லற்ற கற்பித்தல் என்று புகழப்பட்ட இந்நூலில், கற்பித்தல் முறிந்துபோகும் ஒவ்வோர் இடத்திலும் அதனைத் தாங்கிப் பிடிப்பது ஒருவருடைய சொல். வாசகர் நினைவில் நிற்பவரோ வணங்கி மௌனமாகும் ஆசிரியர். விளக்கிச் சொன்ன உடன்மாணவர் அல்லர்.

தென்ஸோ கியோகுன்: அடுக்களையில் நடக்கும் பாடம்

தோகென் (1200–1253) கியோத்தோ நகரின் கென்னின்ஜி மடத்தில் பயின்று, 1223இல் சீனம் சென்றார். தியெந்தோங் மலையில் ருஜிங் என்னும் ஆசிரியரிடம் பயிற்சி பெற்று 1227இல் திரும்பினார். கோஷோஜி மடத்தில் இருந்தபோது 1237இல் எழுதிய சிறுநூலே தென்ஸோ கியோகுன். மடத்தின் ஆறு நிர்வாகப் பொறுப்புகளுள் ஒன்று சமையற் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்பவர் ‘தென்ஸோ’ எனப்படுவார்.

நூலின் பெரும்பகுதி நடைமுறைக் குறிப்புகள். நண்பகல் உணவு முடிந்தவுடன் மறுநாளைக்குரிய அரிசியையும் காய்கறிகளையும் பெற்றுக்கொள்ள வேண்டும். பொறுப்பிலுள்ள மற்றவர்களோடு கலந்து என்ன சமைப்பது என்று முடிவு செய்யவேண்டும். அரிசியைத் தென்ஸோ தம் கையாலேயே களைய வேண்டும். மணலைப் பார்க்கும்போது அரிசியையும், அரிசியைப் பார்க்கும்போது மணலையும் கவனிக்க வேண்டும். களைந்த நீரைக் கொட்டும்போது ஓர் அரிசிமணிகூட வீணாகக் கூடாது. அகப்பை முதலிய கருவிகளில் உயரத்தில் வைக்கத்தக்கவற்றை உயரத்திலும் தாழ வைக்கத்தக்கவற்றைத் தாழவும் வைக்க வேண்டும். கீரை மட்டும் கிடைத்த நாளில் சலிப்பும், சிறந்த பொருள்கள் கிடைத்த நாளில் பெருமிதமும் கொள்ளலாகாது. பொருளின் தரத்திற்கேற்பக் கவனத்தின் அளவு மாறக்கூடாது.

இக்குறிப்புகளில் மறைபொருள் எதுவும் இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. தோகென் ஞானத்தைக் குறிப்பாலுணர்த்திவிட்டுச் சமையலை உவமையாக்கவில்லை. சமையலையே சொல்கிறார். கவனம் எங்கே நழுவும் என்பதை அறிந்த ஒருவர், அவ்விடங்களைச் சுட்டிக்காட்டும் நூல் இது. அமர்நிலைத் தியானம் பற்றி அவர் எழுதிய ‘ஃபுகன் ஸாஸென்கி’யும் (1233ஆம் ஆண்டுக் கைப்படி கிடைத்துள்ளது) இத்தன்மையதே. விரிப்பின் மேல் திண்டு இடுவது, கால்களை மடக்கும் முறை, வலக்கையின் மேல் இடக்கையை வைப்பது, காதும் தோளும் ஒருநேராக இருப்பது, கண்களைத் திறந்தே வைத்திருப்பது என அனைத்தையும் அது வரிசையாகச் சொல்கிறது. சொல்லக்கூடியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடும் ஆசிரியர் இவர்.

நூலின் நடுவே இரண்டு முதிய சமையற்காரர்களைத் தோகென் நினைவுகூர்கிறார். ஒருவர் தியெந்தோங் மடத்தைச் சேர்ந்த 68 வயதுத் துறவி. கடும் வெயிலில் தலையில் தொப்பியின்றி, மூங்கில் தடியை ஊன்றி, வளைந்த முதுகோடு காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். பணியாளரை ஏவலாமே என்று தோகென் கேட்க, பிறர் செய்தால் அது தாம் செய்ததாகாது என்றார். வெயில் தணிந்தபின் செய்யலாமே என, வேறெந்த நேரத்திற்காகக் காத்திருப்பது என்று வினவினார். மற்றவர் அயுவாங் மலை மடத்தைச் சேர்ந்த 61 வயதுத் தென்ஸோ. அம்மலையின் பெயர் நம் அசோக மன்னரின் பெயரே. சீன ஒலிப்பில் அது அயுவாங் ஆயிற்று. விழா நாள் உணவுக்காகக் காளான் வாங்க, 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு நடந்து, தோகென் தங்கியிருந்த கப்பலுக்கு வந்தார் அவர். இவ்வயதில் தியானத்திலும் நூலாராய்ச்சியிலும் ஈடுபடாமல் அடுக்களைப் பணியில் ஏன் உழலவேண்டும் என்று கேட்ட இளந்துறவியை நோக்கிச் சிரித்து, பயிற்சி இன்னதென்பதும் எழுத்து இன்னதென்பதும் உமக்கு இன்னும் விளங்கவில்லை என்றார்.

இதற்குப்பின் நிகழ்ந்ததே கற்பித்தல் நோக்கில் முக்கியமானது. தோகென் வெட்கமுற்று, அவை இரண்டும் யாவை எனக் கேட்கிறார். முதியவர் அந்நேரம் விடையளிக்கவில்லை. மறுநாள் சமையல் காத்திருப்பதால் இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்று புறப்பட்டுவிடுகிறார். ஆனால் சில திங்களில், பொறுப்பிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பும் வழியில், தோகென் தங்கியிருந்த மடத்திற்குத் தாமே வந்து சேர்கிறார். அங்கே விடை தருகிறார். எழுத்து என்பது ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எளிய எண்களைப் போன்றதே என்றும், பயிற்சி என்பதில் உலகெங்கும் மறைக்கப்பட்டது எதுவுமில்லை என்றும் அவ்விடைகளுக்குப் பொருள் கொள்ளலாம். ஹெரிகலின் நூலில் ஆசிரியரின் மௌனம் மாணவரைக் கட்டிப்போடுகிறது. தோகெனின் நூலில் மௌனம் என்பது ஒரு தள்ளிவைப்பு மட்டுமே. அதற்குரிய விடையைச் சுமந்துகொண்டு ஆசிரியரே மாணவரைத் தேடி நடந்து வருகிறார். ‘மறைக்கப்பட்டது எதுவுமில்லை’ என்னும் கருத்து அவ்விடையில் இருப்பது மட்டுமன்று, அவருடைய வருகையிலும் இருக்கிறது.

இதற்கு எதிர்நிலையையும் தோகென் காட்டத் தவறவில்லை. சீனத்திலிருந்து திரும்பியபின் கென்னின்ஜியில் தாம் கண்ட ஒரு தென்ஸோவைக் கடிந்துரைக்கிறார். அவர் அடுக்களைப் பக்கமே வராமல், எல்லாவற்றையும் பணியாளரிடம் விட்டுவிட்டுத் தம் அறையில் படுத்தும் பேசியும் பொழுதைக் கழித்தார். பொறுப்பின் பெயர் இருந்தது, வேலை இல்லை. தோகென் அவர்மீது சுமத்தும் குற்றம் ஞானமின்மை அன்று. பானையை எட்டிப் பாராமை.

எழுத்தைப் பற்றிய தோகெனின் ஐயம்

ஜென் தியானம் படைப்பாற்றலை வளர்க்கும் என்பது இன்று பலராலும் சொல்லப்படும் கூற்று. இதனைத் தோகென் ஏற்றுக்கொள்வாரா? அவருடைய மாணவர் எஜோ 1235 முதல் 1238 வரை பதிவுசெய்த ‘ஸுய்மோன்கி’ உரைக்குறிப்புகள் இதற்கு இடையூறாக நிற்கின்றன. துறவிகள் கவிதை புனைவதில் நாட்டம் கொள்வதை அங்கே அவர் கண்டிக்கிறார். நடையழகைக் கருதாமல் நினைத்ததை நினைத்தவாறு எழுதினால் போதும் என்கிறார். சீனத்தில் தாம் முன்னோர் மொழிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, இறுதியில் இதனால் என்ன பயன் என்று ஒரு துறவி விடாமல் கேட்டதையும், அக்கேள்வி தம்மை மாற்றியதையும் நினைவுகூர்கிறார்.

ஆனால் இதே தோகென் சீன மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் கவிதைகள் இயற்றியவர். அவருடைய ‘ஷோபோகென்ஸோ’ ஜப்பானிய உரைநடை வரலாற்றில் தனியிடம் பெற்றது. எழுத்தைத் தள்ளச் சொன்னவர் எழுத்தில் இத்துணை உழைப்பைச் செலுத்தியது முரண் அன்றோ என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்படுவது. இதற்குத் தென்ஸோ கியோகுனிலிருந்தே ஒரு விடை பெறலாம். தோகென் மறுப்பது எழுத்தை அன்று. தன்னைக் காட்டிக்கொள்வதற்கான எழுத்தை. நல்ல பொருள் கிடைத்தால் பெருமிதம் கொண்டு, கீரை கிடைத்தால் சலித்துக்கொள்ளும் சமையற்காரரும், பாராட்டுப் பெறும் சொல்லைத் தேடும் துறவிக் கவிஞரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரின் கவனமும் கையிலிருக்கும் பொருளிலிருந்து விலகித் தம்மீது திரும்பிவிடுகிறது.

தோகெனின் அடிப்படைக் கொள்கை, பயிற்சியும் மெய்யுணர்வும் இரண்டல்ல என்பது. பயிற்சி வேறொன்றை அடைவதற்கான கருவி ஆகாது. இக்கொள்கையை ஏற்றால், நல்ல கவிதை எழுதுவதற்காகத் தியானம் செய்வது என்னும் திட்டமே பொருளற்றதாகிவிடும். மாறாக, எழுதும் நேரத்தில் எழுதுதலே பயிற்சியாகலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கற்பித்த சோட்டோ ஜென் ஆசிரியர் தைனின் கதகிரி, தம் மாணவியான நட்டாலி கோல்ட்பெர்க்கிடம் எழுத்தையே பயிற்சியாகக் கொள்ளுமாறு சொன்னார். அதன் விளைவாக 1986இல் வெளிவந்த அவருடைய ‘எலும்புகளை எழுதுதல்’ என்னும் கையேடு பல்வேறு எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் பயன்படுத்தப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஷுன்ரியூ சுசுகி 1967இல் தொடங்கிய தாசஹாரா மடத்தின் அடுக்களையில் உருவான எட்வர்ட் எஸ்பே பிரவுனின் ரொட்டி நூலும் (1970) தென்ஸோ மரபின் நேர்வழித்தோன்றல். இவ்விரு நூல்களும் அகத்தூண்டுதலைப் பற்றிக் குறைவாகவும், கை செய்யவேண்டியதைப் பற்றி மிகுதியாகவும் பேசுகின்றன.

ஆசிரியரின் அதிகாரம்

சொல்லற்ற கற்பித்தல் என்னும் கருத்தோடு பிரிக்க இயலாதவாறு இணைந்திருப்பது ஆசிரியரின் அதிகாரம். விளக்கம் தரப்படாதபோது, விளக்கம் கேட்பதே மாணவரின் தகுதிக்குறைவு ஆகிவிடுகிறது. ஹெரிகலின் வாழ்வு இங்கு ஓர் எச்சரிக்கை. அவர் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1944–45இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருடைய நூலில் இடம்பெறாத இச்செய்தியை 1961இல் பொதுவெளியில் சுட்டிக்காட்டியவர் யூத மறைஞான ஆய்வறிஞர் கெர்ஷோம் ஷோலம். ‘அது’ எய்கிறது, நான் எய்யவில்லை என்னும் மொழி, செயலுக்கும் செய்தவருக்கும் இடையிலான பிணைப்பை அறுத்துவிடுகிறது. வில்லில் தொடங்கும் அவ்விடுபாடு வேறிடங்களுக்கும் நீளக்கூடியது. ஹெரிகலின் அரசியலுக்கு இம்மொழியே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அதனைத் தடுக்கும் ஆற்றல் இம்மொழியில் இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவது குறையாகும்.

தென்ஸோ மரபுக்குள்ளும் அதிகாரச் சிக்கல் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. கதகிரியின் மறைவுக்குப் பின்னர், அவர் மாணவியருடன் தகாத உறவு கொண்டிருந்தது கோல்ட்பெர்க்குக்குத் தெரியவந்தது. 2004இல் வெளியிட்ட நூலில் அவர் அதனை வெளிப்படையாக எழுதினார். ஆசிரியர் தந்த பயிற்சியையே கொண்டு ஆசிரியரைக் கேள்விக்கு உட்படுத்திய எழுத்து அது. மரபு எதுவாயினும், கற்றவர் அதனை ஆராய்ந்து பேசும் இடம் இருக்கும்போதுதான் கற்பித்தல் முழுமை பெறுகிறது. அவ்விடம் சொல்லால் மட்டுமே அமையும்.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டிற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டு மடத்துக் கையேட்டையும் இருபதாம் நூற்றாண்டு வெளிநாட்டவரின் தன்வரலாற்றையும் ஒருங்கே நிறுத்துவது தகுமா என்பது முதலாவது. இருவேறு வகைமைகள் என்பது உண்மையே. ஆனால் ஜென் கற்பித்தல் பற்றிய சான்றாக இரண்டாவது வகை நூலே மிகுதியும் கையாளப்படுவதால், அதனை மரபின் உள்ளிருந்து எழுந்த நூலோடு உரசிப் பார்ப்பது தேவையாகிறது.

பூவை உயர்த்திக் காட்டிய புத்தர், உரத்துக் கத்திய லின்ஜி போன்ற கதைகள் மரபிலேயே உள்ளனவே என்பது இரண்டாவது மறுப்பு. உள்ளன, ஆயினும் அவை எழுத்தில் உள்ளன. 1228இல் தொகுக்கப்பட்ட ‘வூமென்குவான்’ போன்ற நூல்களில் அக்கதைகள் ஒவ்வொன்றுக்கும் உரையும் செய்யுளும் இணைந்திருக்கின்றன. சொல் தேவையில்லை என்னும் கருத்தைச் சொல்லாலேயே நுணுகி ஆராய்ந்த மரபு அது. மௌனத்தின் கதைகளை உரையிலிருந்து பிரித்துத் தனித்துணுக்குகளாக வாசிப்பது அண்மைக்கால வாசிப்பு முறை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. ஜென் கற்பித்தல் சொல்லற்றது என்னும் கருத்துக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படும் ஹெரிகலின் நூல், ஜென் ஆசிரியர் அல்லாத ஒருவரிடம், மொழி அறியாத ஒருவர், இடைவெளிகள் நிறைந்த மொழிபெயர்ப்பின் வழியாகக் கற்ற அனுபவத்தின் பதிவு. அதன் இலக்கிய மதிப்பு குறையாது. சான்று மதிப்பு குறைகிறது. தோகெனின் தென்ஸோ கியோகுன், கற்பித்தல் என்பது சொல்லக்கூடியதைத் தெளிவாகச் சொல்லி, தானே செய்துகாட்டி, கேட்ட கேள்வியை மறவாதிருந்து விடை கொண்டுவருவது என்பதைக் காட்டுகிறது. படைப்பு வாழ்வைப் பொறுத்தவரை, தியானம் படைப்புக்கான உரம் என்னும் கூற்றைவிட, கையிலிருக்கும் பொருளின்மீது குறையாத கவனம் செலுத்துவதே பயிற்சி என்னும் கருத்து தோகெனின் மரபுக்கு நெருக்கமானது.

இக்கருத்துகள் ஆசிரியர்களாகிய நம்மை நோக்கியும் சிலவற்றைக் கேட்கின்றன. ஆய்வேட்டின் இயல் ஒன்றைத் திங்கள் கணக்கில் மேசைமேல் வைத்திருந்து, பின் ‘இன்னும் ஆழம் வேண்டும்’ என்று மட்டும் சொல்லித் திருப்பித் தரும் நெறியாளரின் மௌனம் எவ்வகையைச் சேர்ந்தது? அவர் வில்லாசிரியராகத் தம்மைக் கருதிக்கொள்ளலாம். தோகெனின் அளவுகோலில் அவர் பானையை எட்டிப் பாராத கென்னின்ஜித் தென்ஸோ. எந்த வரியில் மணல் இருக்கிறது, எந்த வரியில் அரிசி இருக்கிறது என்று மாணவரோடு அமர்ந்து களைந்து காட்டுவது பெருமை தரும் வேலை அன்று. நேரம் கேட்கும் வேலை. அயுவாங் மலைச் சமையற்காரர் ஓர் இளைஞரின் கேள்விக்காகத் தம் வழியில் அம்மடத்தில் நின்று சென்றார். அவர் பெயரைத் தோகெனின் நூல் குறிக்கவில்லை. அவர் சொன்ன விடைதான் கிடைத்திருக்கிறது.